பிள்ளைகளின் தூக்கத்துக்கு இருட்டும் அமைதியும்

(குறுவள மைய அளவில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று எனக்குக் கொடுத்த தலைப்பு ‘மாணவர் நலம்’. சத்துணவு, இரத்தசோகை, இரும்புச்சத்து மாத்திரை, கைகழுவுதல் என்று இந்தத் தலைப்பில் நாம் பல கூட்டங்களில் பேசியிருக்கிறோம். நான் இன்று தூக்கத்தைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன். அதிலும், பிள்ளைகள் படுக்கிற இடத்தில் இருக்கும் வெளிச்சத்தையும் சத்தத்தையும் எப்படிக் குறைப்பது, அதற்கு ஐ மாஸ்க், இயர் பிளக் போன்றவை எவ்வளவு உதவும், அவற்றை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். கேட்கச் சின்ன விஷயமாகத் தோன்றலாம். மார்ச் மாதம் பொதுத்தேர்வு எழுதப் போகும் பிள்ளைக்கு இது சின்ன விஷயமில்லை.

நான் அறிவியல் ஆசிரியை. ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். முதல் பாடவேளையிலேயே தலை சாய்கிற பிள்ளையைப் பார்த்தால் “ராத்திரியெல்லாம் செல்போனா?” என்றுதான் நாம் கேட்போம். சில பேருக்கு அது உண்மைதான். ஆனால் பல பேர் பத்து மணிக்கே படுத்துவிடுகிறார்கள், தூக்கம்தான் வருவதில்லை. ஒலியியல் பாடம் நடத்தும்போது, “நீங்கள் தூங்குகிற இடத்தில் ராத்திரி பத்து மணிக்கு என்னென்ன சத்தம் கேட்கும், எங்கிருந்து வெளிச்சம் வரும் என்று எழுதிக்கொண்டு வாருங்கள்” என்று வீட்டுப்பாடம் கொடுத்தேன். வந்த பதில்களில் சிலவற்றைச் சொல்கிறேன்.

ஒரு மாணவன் படுப்பது டிவி இருக்கும் ஒரே அறையில். இரண்டாம் ஷிப்ட் முடித்து வரும் அப்பா சாப்பிட்டுக்கொண்டே செய்தி பார்ப்பார். ஒரு மாணவியின் வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே டீக்கடையின் எல்இடி ஃபோகஸ் லைட். ஜன்னலைச் சாத்தினால் காற்று இல்லை. இன்னொரு பிள்ளையின் வீட்டில் கைக்குழந்தை இருப்பதால் இரவு முழுக்க டியூப் லைட் எரிகிறது. ஒரு மாணவன் மொட்டை மாடியில் படுக்கிறான். பக்கத்திலேயே ஹைமாஸ் விளக்கு. ஒரு பெண் என்னிடம் நேரில் வந்து, “டீச்சர், எங்க தெருவுல கோயில் கொடை வந்தா பத்து நாளைக்கு யாரும் தூங்க மாட்டோம். பரீட்சையும் அப்பதான் வருது” என்றாள்.

இதில் எந்தப் பிள்ளையையும் சோம்பேறி என்று சொல்ல முடியுமா?

எவ்வளவு நேரம் தூங்க வேண்டும் என்பதற்கு அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் ஒரு பரிந்துரை வெளியிட்டது. 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரம்; 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம். காலை ஐந்து மணிக்கு எழுந்து படி என்று நாம் சொல்கிற பத்தாம் வகுப்புப் பிள்ளை, இரவு ஒன்பது மணிக்கே தூங்கியிருந்தால்தான் இந்தக் கணக்கு சரியாக வரும்.

வெளிச்சம் தூக்கத்தை ஏன் கெடுக்கிறது? நம் விழித்திரையில் குச்சி செல், கூம்பு செல் என்று இரண்டு வகை உண்டு என்று பாடம் நடத்துகிறோம். மூன்றாவதாக ஒரு வகை செல்லும் இருக்கிறது. அது ஒளியை உணரும் விதம் 2002 வாக்கில்தான் தெளிவாகத் தெரிந்தது. உருவங்களைக் காட்டுவது அதன் முக்கிய வேலையில்லை; வெளியே பகலா இரவா என்று மூளைக்குத் தகவல் கொடுப்பதுதான். நீல நிற ஒளி பட்டால் அது நன்றாகத் தூண்டப்படும். வெள்ளை எல்இடி விளக்கிலும் செல்போன் திரையிலும் நீல ஒளி கணிசமாக உண்டு. அந்த ஒளி பட்டதும், பினியல் சுரப்பியிலிருந்து இரவில் சுரக்க வேண்டிய மெலடோனின் குறைகிறது. உடம்பு இன்னும் பகல் என்றே நினைத்துக்கொள்கிறது. மூடிய இமை வழியாகவும் கொஞ்சம் வெளிச்சம் உள்ளே போகத்தான் செய்யும். உடம்புக்குள் ஓடும் இந்தக் கடிகாரம் மூலக்கூறு அளவில் எப்படி இயங்குகிறது என்று கண்டறிந்ததற்காகத்தான் 2017-இல் ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

பிரிட்டனில் கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இளைஞர்களை வைத்து ஒரு சோதனை செய்து, முடிவை 2023-இல் ‘ஸ்லீப்’ என்ற ஆய்விதழில் வெளியிட்டார்கள். ஒரு வாரம் ஐ மாஸ்க் அணிந்து தூங்கச் சொன்னார்கள். இன்னொரு வாரம் அணியாமல் தூங்கச் சொன்னார்கள். முகத்தில் துணி இருப்பதால்தான் வித்தியாசமோ என்ற சந்தேகம் வராமலிருக்க, அடுத்த சோதனையில் கண் இருக்கும் இடத்தில் ஓட்டை போட்ட மாஸ்க்கையும் அணிய வைத்தார்கள். வெளிச்சத்தை மறைத்துத் தூங்கியபோது, சொல் இணைகளை நினைவில் வைப்பதில் அவர்கள் மேலாகச் செய்தார்கள். விழிப்புத்திறன் சோதனையிலும் வேகம் கூடியது. ஒரு துணிப் பட்டை செய்கிற வேலை இது.

சத்தத்துக்கு வருவோம். கண்ணுக்கு இமை இருக்கிறது. காதுக்கு மூடி கிடையாது. தூங்கும்போதும் காது கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது. லாரி ஹார்ன் அடித்தால் நாம் எழுந்திருக்கா விட்டாலும் இதயத்துடிப்பு கூடும்; ஆழ்ந்த தூக்கம் லேசாகிவிடும். காலையில் எதுவும் நினைவில் இருக்காது, களைப்பு மட்டும் இருக்கும். படுக்கையறைக்குள் தொடர்ந்து கேட்கும் சத்தம் 30 டெசிபலுக்குள் இருக்க வேண்டும், திடீர் சத்தம் 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வழிகாட்டியது. நாம் சாதாரணமாகப் பேசுவதே 60 டெசிபல் அளவுக்கு வரும். டெசிபல் மடக்கை அளவு என்பதைக் கணக்கு ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 10 டெசிபல் கூடினால் ஒலிச்செறிவு பத்து மடங்காகும்.

ஆக, என்ன செய்யலாம்?

முதலில் காசில்லாமல் முடிகிறதைச் செய்வோம். படுக்கும் திசையை மாற்றி, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழாமல் தலைமாட்டுப் பக்கம் வருமாறு படுக்கலாம். ஜன்னலின் கீழ்ப்பாதியைத் திறந்து, மேல்பாதிக்குக் கருப்புத் துணி கட்டினால் காற்றும் வரும், தெருவிளக்கும் மறையும். குழந்தைக்காக விளக்கு தேவையென்றால் டியூப் லைட்டுக்குப் பதிலாக மஞ்சள் அல்லது சிவப்பு நிறச் சின்ன பல்பைத் தரையோரம் போடலாம். டிவியைப் பொறுத்தவரை வெளிச்சத்தைவிடப் பேச்சுதான் அதிகம் கெடுக்கும். பேச்சு கேட்டால் மனம் அதன் பின்னாலேயே போகும். ஒலியைக் குறைத்து, பிள்ளை படுக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் டிவியை வைக்கச் சொல்லலாம். ஓடுகிற ஃபேன் சத்தம் ஒரே சீராக இருப்பதால், வெளியே திடீரென்று வரும் சின்னச் சத்தங்களை அது மூடிவிடும்.

இதற்கு மேலும் வெளிச்சம் வந்தால் ஐ மாஸ்க். வாங்கும்போது நான்கு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, துணி. நம் ஊர் வெக்கைக்கு உள்பக்கம் பருத்தியாக இருந்தால் வியர்வையை உறிஞ்சும். தடித்த பஞ்சு வைத்தது வேர்த்துக் கொட்டும். இரண்டு, மூக்கோரம். பகலில் அணிந்துகொண்டு கண்ணைத் திறந்து கீழே பாருங்கள். மூக்கின் இரண்டு பக்கமும் வெளிச்சம் தெரிந்தால் அது சரியான அளவு இல்லை. மூன்று, பட்டை. இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்க வசதி இருக்க வேண்டும். விழிமேல் அழுத்தக் கூடாது. எழுந்தபிறகு முகத்தில் தடம் நெடுநேரம் இருந்தால் தளர்த்த வேண்டும். கண்ணுக்கு நேரே குழிவாக வரும் மாஸ்க் இமையில் படாது. ஒருக்களித்துப் படுப்பவர்களுக்குப் பக்கவாட்டில் தடிமன் இல்லாததே நல்லது. நான்கு, துவைக்க முடிய வேண்டும். முகத்து எண்ணெய் சேருவதால் அடிக்கடி துவைக்க வேண்டும்.

கடையில்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. அடர்நிறப் பருத்தித் துணியை இரண்டு மூன்று மடிப்பாக வைத்து, மூக்குக்கு வளைவு வெட்டி, எலாஸ்டிக் நாடா தைத்தால் போதும். எங்கள் பள்ளித் தையல் ஆசிரியை ஒரு மதியப் பாடவேளையில் பிள்ளைகளையே தைக்க வைத்தார். ஒரு எச்சரிக்கை: ஒருவர் போட்டதை இன்னொருவர் போடக் கூடாது. ‘மெட்ராஸ் ஐ’ பரவுகிற காலத்தில் இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

காதுக்கு இயர் பிளக். நூற்பாலையில் வேலை செய்யும் பெற்றோர்களுக்கு இது புதிதில்லை. நுரை, அதாவது ஃபோம் வகைதான் விலை குறைவு. கையைக் கழுவிவிட்டு, விரலால் உருட்டி ஒல்லியாக்கி, மறுகையால் காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து உள்ளே வைத்து, விரிகிற வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். பலர் வாசலோடு செருகிவிட்டு ‘ஒன்றும் குறையவில்லை’ என்பார்கள். பாக்கெட்டில் 30 டெசிபல் அளவில் குறைக்கும் என்று போட்டிருந்தாலும் அது ஆய்வகத்தில் அளந்தது. வீட்டில் அதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். அழுக்கானால் மாற்றிவிட வேண்டும். களிமண் போன்ற சிலிகான் வகையைக் காதுத் துளைக்குள் திணிக்காமல், வாசலை மூடுமாறு மேலே அப்ப வேண்டும். பஞ்சு வைத்தால் சத்தம் அதிகம் குறையாது, துணுக்கு உள்ளே தங்கவும் செய்யும். இயர்போனில் பாட்டு வைத்துக்கொண்டு தூங்கும் பழக்கமும் வேண்டாம். அது காதுக்கு ஓய்வே கொடுப்பதில்லை.

யாருக்கு இவை கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஐ மாஸ்க்கும் வேண்டாம், இயர் பிளக்கும் வேண்டாம். பட்டை கழுத்தில் சுற்றலாம். பிளக்கை வாயில் போட்டுக்கொள்வார்கள். அவர்களுக்கு அறையைத்தான் மாற்றியமைக்க வேண்டும். காதில் சீழ், வலி, செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்கள் பிளக் வைக்கக் கூடாது. பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காட்டச் சொல்லுங்கள். பெரியவர்கள் இரவு வேலைக்குப் போய்விட, தம்பி தங்கையையோ நோயாளியான பாட்டியையோ பார்த்துக்கொள்ளும் பிள்ளை காதை அடைத்துக்கொண்டு தூங்கக் கூடாது. கதவு தட்டும் சத்தம் அந்தப் பிள்ளைக்குக் கேட்க வேண்டும். எல்லா வழியும் செய்தும் தூங்க முடியாத பிள்ளையும், சத்தமாகக் குறட்டை விட்டு மூச்சுத் திணறும் பிள்ளையும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பயமோ வீட்டுச் சண்டையோ தூக்கத்தைக் கெடுக்கிறது என்றால், அதற்கு மாஸ்க் மருந்தாகாது. அந்தப் பிள்ளையோடு நாம்தான் உட்கார்ந்து பேச வேண்டும்.

கடைசியாக, ஒரு பிள்ளை தன் காதை மட்டும் அடைத்துக்கொண்டு தீர்க்க முடியாத ஒன்று: ஒலிபெருக்கி. ஒலி மாசு விதிகள் 2000-இல் வந்தன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. விழாக்காலத்தில் ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல், நள்ளிரவு 12 மணி வரை மட்டும் மாநில அரசு தளர்வு தரலாம். குடியிருப்புப் பகுதியில் இரவு அளவு 45 டெசிபல். 2005-இல் உச்ச நீதிமன்றமும் ஒலி மாசைக் கட்டுப்படுத்த விரிவான தீர்ப்பு வழங்கியது.

சட்டத்தைக் காட்டிச் சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் தாய்மார்கள் பொதுத்தேர்வுக் கால அட்டவணையை எடுத்துக்கொண்டு விழாக்குழுவினரைப் பார்க்கப் போனார்கள். அட்டவணையில் தங்கள் தெருப் பிள்ளைகளின் பெயரை எழுதியிருந்தார்கள். அந்த ஆண்டு தேர்வுக்கு முந்தைய இரவுகளில் பத்து மணிக்கு ரேடியோ செட் நின்றது. விழாக்குழுவில் இருந்தவர்களும் அந்தப் பிள்ளைகளின் சித்தப்பாக்களும் மாமாக்களும்தானே!

நீங்கள் பள்ளிக்குத் திரும்பியதும் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். உங்கள் வகுப்பில் மூன்று கேள்விகள் கேளுங்கள். எங்கே படுக்கிறாய்? எத்தனை மணிக்கு உண்மையில் தூங்குகிறாய்? எது உன்னை எழுப்புகிறது? ஏழ்மையை எல்லார் முன்னாலும் சொல்ல வைக்காமல், தாளில் எழுதி வாங்குங்கள். வெளிச்சம் என்று எழுதியவர்களுக்குத் துணியும் நாடாவும் கொடுத்துத் தைக்கச் சொல்லுங்கள். டிவி என்று எழுதியவர்களின் பெற்றோரிடம் அடுத்த கூட்டத்தில் பேசுங்கள். விடுதியில் தங்கும் பிள்ளைகள் இரவு முழுக்க விளக்கு எரிவதாக எழுதியிருந்தால், காப்பாளரிடம் நடைபாதை விளக்கை மட்டும் விடச் சொல்லிக் கேளுங்கள். ஒலிபெருக்கி என்று எழுதியிருந்தால் மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டப் பொருளில் சேருங்கள். தேர்வுக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்கினால் நேரம் இருக்கும்.