குல்மார்க்கின் பனியும் பருவமும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் காலனியிலிருந்து நான்கைந்து குடும்பத்தார் வரும் குளிர்காலத்தில் காஷ்மீரம் சென்று, குல்மார்க்கில் பனிச்சறுக்கு விளையாட்டைப் பார்த்துவர எண்ணியிருப்பதாக அறிந்தேன். மிக்க மகிழ்ச்சி. கத்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு 2025 ஜூன் 6-ஆம் தேதி ரயில் தொடங்கிவைக்கப்பட்ட பிறகு பிரயாணம் எளிதாகிவிட்டது. ஆனால் ரயில் நேரப்படி வந்தாலும் பனி நேரப்படி வருவதில்லை. அதைப் பற்றிப் பேசவே செயலாளர் என்னைப் பணித்தார். நான் வானிலை நிபுணன் அல்லன், ரயில்வே குமாஸ்தா. பனி பார்க்கப் போய் ஒருமுறை ஏமாந்து வந்தவன் என்பதே என் தகுதி.

2024 ஜனவரி இரண்டாம் வாரத்தில் என் மனைவி, இரு குழந்தைகள், மாமியார் ஆகியோருடன் புறப்பட்டேன். ஜம்மு வரை ரயில். அங்கிருந்து பனிஹால் வரை மலைப்பாதையில் கார். பிறகு ஸ்ரீநகருக்கு மீண்டும் ரயில். பீர் பாஞ்சால் மலையைக் குடைந்த 11 கிலோமீட்டர் சுரங்கத்தினுள் வண்டி நுழைந்ததும் மாமியார் கண்களை மூடி ராம நாமம் ஜபிக்கலானார். “மறுபுறம் பாருங்கள், எங்கும் வெள்ளை வெளேரென்று இருக்கும்” என்று குழந்தைகளிடம் அடித்துச் சொல்லியிருந்தேன். வெளியே வந்தோம். காய்ந்த புல்லும், இலையுதிர்ந்த மரங்களும், புழுதியுமே கண்ணில் பட்டன.

குல்மார்க்கும் அவ்வாறே இருந்தது. கீழே தங்மார்க்கில் வாடகைக்கு எடுத்த நீண்ட கோட்டையும் ரப்பர் பூட்ஸையும் அணிந்துகொண்டு என் குழந்தைகள் பழுப்பு நிறப் புல்தரையில் நின்ற காட்சியை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது, அன்று வரவில்லை. பனிமீது பிரயாணிகளை இழுத்துச் செல்லும் மரச் சறுக்குவண்டிகள் கவிழ்த்து அடுக்கப்பட்டிருந்தன. ஒன்றின்மேல் அமர்ந்திருந்த முதியவரிடம், “பனி எங்கே, ஐயா?” என்று கேட்டேன். “சில்லை கலான் வந்துவிட்டது, சாஹப். ஷீன் வரவில்லை” என்றார்.

இவ்விரு சொற்களையும் விளக்க வேண்டும். ‘ஷீன்’ என்பது காஷ்மீரி மொழியில் வானிலிருந்து விழும் வெண்பனி. நமக்கோ மார்கழியில் புல்நுனியில் நிற்கும் துளியும் பனி, ஆள் உயரம் குவிந்து கிடப்பதும் பனி. நம் முன்னோர் பார்த்தது அவ்வளவே. அவர்களைக் குறை சொல்லுவதற்கில்லை. ‘சில்லை கலான்’ என்பது டிசம்பர் 21-ஆம் தேதி தொடங்கும் 40 நாள் கடுங்குளிர். நம் ஊரில் கத்திரி வெயிலுக்கு நாள் குறித்திருப்பதுபோல அவர்கள் குளிருக்குக் குறித்திருக்கிறார்கள். அதன்பின் 20 நாள் சில்லை குர்த்; கடைசியாக 10 நாள் சில்லை பச்சா. இந்த 70 நாள் கணக்கில்தான் குல்மார்க்கின் பிழைப்பே அடங்கியிருக்கிறது.

பனி ஏன் வரவில்லை? டில்லி வானிலை அறிக்கையில் ‘வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ்’ என்று அடிக்கடி கேட்கிறோம் அல்லவா? அந்த மேற்கத்திய இடையூறே காஷ்மீரப் பனிக்குத் தாய். மத்தியதரைக் கடற்பக்கத்தில் உருவாகும் இக்கலக்கங்களை வானத்தின் உயரத்தில் வீசும் மேல்காற்று ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக இழுத்து வருகிறது. வழியில் ஈரத்தையும் சேர்த்துக்கொண்டு வந்து அவை இமயத்தில் மோதுகின்றன; காற்று மேலே ஏறுகிறது, குளிர்கிறது, பனி பெய்கிறது. நம் காலனியில் ஜனவரி மாதம் துணி காயவிடாமல் தூறும் மழையும் அதே கலக்கத்தின் வால்தான். வங்கக் கடலில் எழும் தாழ்வு மண்டலம் சென்னையை ஏமாற்றிவிட்டு ஆந்திரக் கரைக்குப் போய்விடும் ஆண்டுகள் உண்டு. அதுபோல் இவையும் சில ஆண்டுகளில் வலுவிழந்தோ வடக்கே விலகியோ போய்விடுகின்றன. 2023 டிசம்பரும் 2024 ஜனவரியின் பெரும்பகுதியும் அவ்விதமே கழிந்தன.

கலக்கம் வந்துவிட்டால் மட்டும் போதாது, குளிரும் வேண்டும். மலையில் 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும். குல்மார்க் ஏறக்குறைய 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கோண்டோலா என்னும் கம்பிவழி ஊர்தி, இரண்டு கட்டமாக அப்பர்வாத் மலையின் தோள்வரை, ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது. கீழுக்கும் மேலுக்கும் 8 டிகிரி வித்தியாசம். ஆகவே ஒரே மேகம் தங்மார்க்கில் மழையாகவும், குல்மார்க்கில் ஈரப்பனியாகவும், உச்சியில் மாவுபோன்ற உலர்பனியாகவும் விழக்கூடும். அந்த மாவுப்பனிக்காகவே சறுக்குவீரர்கள் தேசம் தேசமாக வருகிறார்கள். பகலில் உருகி இரவில் உறைந்த பனியோ கண்ணாடிபோல் ஆகிவிடும். அதில் விழுந்து எழுந்தவருக்கு எலும்பு வைத்தியர்தான் துணை.

பனி எவ்வளவு பெய்தது என்பதைவிட எப்போது பெய்தது என்பதே முக்கியம். சில்லை கலானில் விழுவது உறைந்து கெட்டிப்பட்டு மலைமேல் தங்கும். வசந்தத்திலும் கோடையிலும் சிறிது சிறிதாக உருகி ஓடைக்கும் வயலுக்கும் நீர் தரும். பிப்ரவரி இறுதியில் விழுவதோ வெயில் ஏறிவிட்டபடியால் விரைவில் கரைந்துவிடும். 2025-இல் இது கண்கூடாயிற்று. குல்மார்க்கில் பிப்ரவரி 22 முதல் 25 வரை நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுக்கள் பனியின்மையால் ஒத்திவைக்கப்பட்டு, மாத இறுதியில் பனி விழுந்தபின் மார்ச் 9 முதல் 12 வரை நடந்தன. அதே பிப்ரவரியில் அனந்தநாக் பக்கத்து அச்சபல் ஊற்று வறண்டுபோயிற்று. மொகலாயர் தோட்டம் அமைத்த ஊற்று அது. விளையாட்டை மார்ச்சுக்கு மாற்றலாம். நாற்று நடவை மாற்ற முடியுமா?

இனிச் சொல்லப்போவதைப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர் கவனித்துக் கேட்கவேண்டும். வறண்ட குளிர்காலத்துக்கும் பனிச்சரிவு அபாயத்துக்கும் சம்பந்தம் உண்டு. முதலில் சிறிதளவே பனி விழுந்து, பிறகு வானம் பல நாள் தெளிந்து கடுங்குளிர் நிலவினால், தரையின் லேசான சூட்டுக்கும் மேலேயுள்ள குளிருக்கும் இடையில் அகப்பட்ட அந்த மெல்லிய பனி, ஒட்டாத சர்க்கரைப் பருக்கைபோல் மாறிவிடுகிறது. பின்னர் ஒரே வீச்சில் மூன்றடி நான்கடிப் பனி அதன்மேல் அமர்கிறது. சாய்ந்த தளத்தில் சர்க்கரையைக் கொட்டி அதன்மேல் பலகையை வைத்து ஒருவர் ஏறி நின்றால் என்ன ஆகும்? அதுவே மலையில் நடக்கிறது. 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளே மிக அபாயமானவை. சறுக்குவதற்கு ஆசை மூட்டுபவையும் அவையே! காற்றும் சும்மா இருப்பதில்லை. முகட்டின் ஒருபுறத்துப் பனியை வாரி மறுபுறத்தில் குவித்துவிடும். ஆகையால் கீழே ஓட்டல் வாசலில் அளந்த ஆழத்தைக் கொண்டு மேலே உள்ளதை மதிப்பிட முடியாது.

2010 பிப்ரவரி 8-ஆம் தேதி குல்மார்க்கிலுள்ள உயர்மலைப் போர்ப்பள்ளியின் பயிற்சியின்போது பனிச்சரிவில் ராணுவ வீரர் பலர் மாண்டனர். மலையை நன்கறிந்தவர்களுக்கே அந்த கதி. 2023 பிப்ரவரி 1-ஆம் தேதி அப்பர்வாத் பகுதியில் போலந்து நாட்டினர் இருவரும், 2024 பிப்ரவரி 22-ஆம் தேதி கிலன்மார்க் பக்கம் ரஷ்யர் ஒருவரும் இறந்தனர். பனிச்சரிவில் சிக்கும் சறுக்குவீரர்களுள் பெரும்பாலோர் தாமோ தம் கூட்டாளியோ கிளப்பிவிட்ட சரிவிலேயே சிக்குகிறார்கள். புதைந்தவரை முதல் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால்தான் நம்பிக்கை அதிகம். ஊரிலிருந்து ஆள் வந்து சேர அதற்குமேல் ஆகிவிடும். கோண்டோலாவை ஒட்டிய காவலர்கள் கண்காணிக்கும் சரிவு வேறு, கயிற்றுக்கு அப்பாலுள்ள மலை வேறு. அக்கயிற்றைத் தாண்டாதீர்கள்.

காற்று பலமாயிருந்தால் கோண்டோலாவின் இரண்டாம் கட்டத்தை நிறுத்திவிடுவார்கள். அப்போது டிக்கெட் ஜன்னலில் நடக்கும் சண்டையை நான் பார்த்தேன். நானும் ஜன்னலுக்கு உட்புறம் உட்கார்ந்து ஏச்சுக் கேட்பவனாதலால் எனக்கு அந்தக் குமாஸ்தாவின்மேல்தான் அனுதாபம் பிறந்தது. 2017 ஜூன் 25-ஆம் தேதி சூறைக்காற்றில் மரம் ஒன்று சாய்ந்து கம்பிவழியைத் தாக்கியதில் 7 உயிர்கள் போயின. பணம் திரும்பக் கிடைக்கும், சண்டையிடாதீர்கள்.

புறப்படுமுன் ஸ்ரீநகர் வானிலை நிலையத்தின் முன்னறிவிப்பையும், சண்டீகரிலுள்ள ராணுவ ஆராய்ச்சி நிலையம் வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கையையும் பாருங்கள். கலக்கம் ஒன்று வந்து கடந்து, வானம் தெளிந்து இரண்டு மூன்று நாள் ஆனபின் போய்ச் சேருமாறு திட்டமிட்டால் நல்லது. குழந்தைகளுக்குக் கறுப்புக் கண்ணாடி கட்டாயம். புதுப்பனி தன்மேல் படும் ஒளியில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி வீசுகிறது. ஸ்வெட்டருக்குச் செலவிடும் நாம் இதை மறந்துவிடுகிறோம்.

அந்த முதியவர் என் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டிருந்தார். நாங்கள் டில்லி திரும்பி இரண்டு வாரம் கழித்து, ஜனவரி முடியும் தறுவாயில், ஒருநாள் காலை அழைத்தார். “ஷீன் வந்துவிட்டது, சாஹப்! முழங்கால்வரை இருக்கிறது. குழந்தைகளை அழைத்து வாருங்கள்” என்றார். பின்னால் ஒரே ஆரவாரமாயிருந்தது; சறுக்குவண்டிகளை எல்லாரும் புரட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள் போலும். எனக்கு விடுப்பு இல்லை என்றேன். “சரி, ஆனால் இன்றே வராதீர்கள். இரண்டு நாள் வெயில் பார்க்கட்டும், மலை இன்னும் உட்காரவில்லை” என்றார். நான் சொன்னது அவர் காதில் விழவில்லை என்று நினைக்கிறேன்.