கதவு வரை போகலாமே!

நடுவர் அவர்களே! ஆவேசமாகப் பேசி, மேஜையில் இருந்த தண்ணீரையெல்லாம் தீர்த்துவிட்ட எதிரணி நண்பரே! (சிரிப்பு) அடுப்படி வேலையை அரக்கப்பரக்க முடித்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே!

பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிய டி.வி. தொடர்கள் பிள்ளைகளைக் கெடுக்கின்றனவா, பெற்றோருக்குப் புத்தி சொல்கின்றனவா? நமக்குத்தான் புத்தி சொல்கின்றன என்று பேச வந்திருக்கிறேன்.

நண்பர் குறை சொன்னாரே, 'தேர்ட்டீன் ரீசன்ஸ் ஒய்', அந்த அமெரிக்கத் தொடரையே எடுத்துக்கொள்கிறேன். ஜே ஆஷர் 2007-ல் எழுதிய நாவலை வைத்து எடுத்தது. முதல் சீசன் 2017 மார்ச் 31-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. 13 பகுதிகள். அத்தனையும் பிளஸ் ஒன் படிக்கிற என் மகளோடு உட்கார்ந்து பார்த்தேன்.

ஹன்னா என்று ஒரு பள்ளிக்கூடத்துப் பெண். தன் உயிரைத் தானே முடித்துக்கொள்கிறாள். அதற்கு முன்னால், தன்னை யார் யார் நோகடித்தார்கள் என்று ஏழு கேசட்டில் பேசி வைக்கிறாள். ‘அம்மா, கேசட்டுன்னா நீ பென்சிலை விட்டுச் சுத்துவேன்னு சொல்வியே, அதானே?’ன்னு கேட்டா என் மக. (சிரிப்பு) அதோட சிரிப்பு முடிஞ்சுது.

தொடர் வந்த அடுத்த மாதம் அமெரிக்காவில் 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளின் தற்கொலை விகிதம் 28.9 சதவீதம் கூடியது என்று 2019-ல் வந்த ஆய்வை நண்பர் எடுத்துவிட்டார். அதே ஆய்வாளர்கள், தொடர்தான் காரணம் என்று நிரூபிக்க முடியாது என்றும் சொன்னார்கள். வேறு ஆய்வாளர்கள் அந்தக் கணக்கையே மறுத்தார்கள். இருந்தாலும் ஒரு பிள்ளையின் உயிருக்கு முன்னால் நான் வாதம் பண்ண மாட்டேன். அவள் சாகும் காட்சியை 2019 ஜூலையில் நெட்ஃபிளிக்ஸ் வெட்டி எடுத்தது. எடுத்தது சரி! (கைதட்டல்)

ஆனால் மிச்சக் கதை யாருக்கு ஐயா?

ஹன்னாவின் அப்பா அம்மா மருந்துக்கடை நடத்துகிறார்கள். கொடுமைக்காரர்களா? இல்லை. பாசமானவர்கள். பெரிய கடை ஒன்று வந்து இவர்கள் வியாபாரம் படுக்கிறது, கடன் கவலை. ஊருக்கே மருந்து கொடுக்கிறார்கள். மகளுக்கு எங்கே வலி என்று தெரியவில்லை.

இன்னொரு அம்மா. கேசட்டைக் கேட்கிற பையன் கிளேயின் தாய். வக்கீல். ஹன்னா வழக்கில் பள்ளிக்கூடத்துக்காக வாதாட வந்தவர். கட்டுக்கட்டாகக் காகிதம் புரட்டுகிறார். அந்த வழக்கின் முழு உண்மையும் அவர் வீட்டிலேயே, மகன் கையில் இருக்கிறது! ‘என்னப்பா ஆச்சு?’ன்னா, ‘ஒண்ணுமில்லை’ங்கிறான். நம்ம வீட்டிலேயும் தினமும் கேட்கிற பதில்தானே? (கைதட்டல்)

கடைசியில் ஹன்னா பள்ளி ஆலோசகரிடம் போகிறாள். அவர் கெட்டவரில்லை. பெயரைச் சொல்லு, இல்லாட்டி மறந்துட்டு மேலே போ என்கிற மாதிரி பேசுகிறார். எழுந்து வெளியே வருகிறாள். கதவுக்கு வெளியே நிற்கிறாள். பின்னாலேயே வருவாரா என்று பார்க்கிறாள். வரவில்லை. நடுவர் அவர்களே, நாலு எட்டு! அதை அவர் நடந்திருந்தால்?

தொடரில் எனக்கு ஒரு கோபமும் உண்டு. செத்த பிறகும் அவள் பேசுகிறாள். எல்லாரும் உட்கார்ந்து கேட்கிறார்கள். அது பொய்! நிஜத்தில் போனவர் பேச முடியாது. யார் அழுதார்கள், யார் திருந்தினார்கள் என்று திரும்பி வந்து பார்க்கவும் முடியாது. கடைசிப் பகுதி முடிந்ததும் என் மகளிடம் இதைத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், ‘எங்க வகுப்பிலே ஒருத்தி யாரோடும் சாப்பிடறதில்லைம்மா. நாளைக்கு அவகூட உக்காரட்டுமா?’ன்னா. (பலத்த கைதட்டல்)

நண்பரே, கெட்டுப்போன பிள்ளை கேட்கிற கேள்வியா இது?

டி.வி.யை அணைத்துவிடலாம். அணைத்த பிறகு பேசுங்கள். ‘ஒண்ணுமில்லை’ன்னு பிள்ளை அறைக்குள் போனால், நீங்களும் அந்தக் கதவு வரை போங்கள். நமக்குக் கைமீறினால் 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது. எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.

பாடம் நமக்கே என்று கூறி அமர்கிறேன்.