நாற்பது நாள் கழிந்த பின்



தவக்காலம் தொடங்கியதும் நம்மில் பலர் இறைச்சியை விட்டுவிடுகிறோம். மூன்றாம் வாரத்திலேயே உடுப்பு தளர்ந்து உடல் லேசாகிறது, மகிழ்ச்சிதான். உயிர்ப்புப் பெருவிழா வந்ததும், விட்டதையெல்லாம் ஒரே வாரத்தில் எட்டிப் பிடித்துவிடுகிறோம். நாற்பது நாளும் நாள்தான் எண்ணிக்கொண்டிருந்தோம்.

எடை குறைக்கப் புறப்படுகிறவர்களுக்கும் இதுவே நேர்கிறது. ‘இரண்டு மாசம் சோறு தொடமாட்டேன்’ என்று தொடங்கும்போதே மூன்றாம் மாதத்துச் சோறு மனதில் வெந்துகொண்டிருக்கிறது. உடலும் சும்மா இருப்பதில்லை. எடை குறைந்ததும் அது பசியைக் கூட்டுகிறது, செலவிடும் ஆற்றலைக் குறைத்துக்கொள்கிறது. எனவே மறுபடியும் எடை கூடியவரை ‘மன உறுதி இல்லாதவர்’ என்று பழிப்பது நியாயமன்று. பிள்ளையைத் ‘தடியா’ என்று கூப்பிடுவது அதைவிடக் கொடுமை. அப்படிக் கூப்பிடும் நாம்தான் சாயாவோடு இரண்டாவது பழம்பொரியையும் அவன் கையில் கொடுக்கிறோம்!

சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய ஓர் ஆய்வு 2006-இல் வெளியானது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேர் அதில் பங்கேற்றார்கள். பொதுவான அறிவுரை மட்டும் பெற்ற பிரிவில், ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில் 55 விழுக்காட்டினருக்கு நோய் வந்தது. நடையையும் உணவு ஒழுங்கையும் தொடர்ந்து கடைப்பிடிக்க வழிகாட்டப்பட்ட பிரிவில் அது 39 விழுக்காடு. இத்தனைக்கும் இவர்களுடைய எடை ஏறக்குறைய அப்படியேதான் இருந்தது. எடை பார்க்கும் இயந்திரத்தை மட்டும் நம்பி, ‘பலனில்லை’ என்று இவர்கள் பாதியில் விட்டிருந்தால்?

கல்யாண வீட்டில் பாயசம் இரண்டு முறை வாங்கிவிடுகிறோம். வீடு திரும்பும்போது, ‘எல்லாம் போச்சு, இனி என்ன?’ என்கிறோம். பாயசத்தைவிட அந்த நினைப்புதான் அதிகம் கெடுக்கிறது. யூதாசும் தவறினார், பேதுருவும் தவறினார். பேதுரு மனங்கசந்து அழுதார். பிறகு சீடர்களோடுதான் இருந்தார். ஒரு வேளை தவறினால் அடுத்த வேளை பழைய ஒழுங்குக்கு வந்துவிடலாம். அடுத்த தவக்காலம் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் இதை ஒருவர் தனியாகச் செய்யட்டும் என்று விட்டுவிட முடியாது. விருந்தாளி ‘போதும்’ என்றால் நமக்கு மனத்தாங்கல். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் மூன்றாம் முறை வைத்தால்தான் அன்பு என்று நினைக்கிறோம். இந்த ஞாயிறு அவர் ‘போதும்’ என்றதும் அகப்பையைக் கீழே வைப்போம். மாலையில் அவரோடு நாமும் நடக்கப் போவோம். மார்த்தாண்டம் மேம்பாலத்தின் அடியில் வண்டி நெரிசல்; குழித்துறை ஆற்றுப் பக்கமாகப் போகலாம்.