ஆட்டுக்கும் நமக்கும் ஒரே சேறு

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஆற்றிய உரை)

நான் மருத்துவன் அல்லன். தொடர்புத் துறையில் டிப்ளோமா முடித்து, ஒலிவாங்கியைப் பிடித்தவன். ஆனாலும் இன்று ஒரு கிருமியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதற்குக் காரணம் ஒரு பாட்டி கேட்ட கேள்வி.

படப்பிடிப்புக்காகக் கோலசிலாங்கூர் வட்டாரத்தில், ஈஜோக் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்திற்குப் போயிருந்தோம். மழை விட்ட மறுநாள். லயத்தின் பின்புறம் ஆட்டுக் கொட்டகையில் கணுக்கால் அளவு சேறு. பாட்டி செருப்புகூட இல்லாமல் ஆடுகளுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தார். ஓர் ஆட்டுக்குக் கால் மூட்டு வீங்கியிருந்தது.

"தம்பி, எனக்கு இனிப்புநீர். குதிங்கால் வெடிப்பு ஆறவே மாட்டேங்குது. இந்த ஆட்டுக்கு வந்தது எனக்கும் ஒட்டிக்குமா?" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த ஆட்டுக்கு என்ன நோய் என்பதும் தெரியாது. பிறகு தேடிப் படித்தேன். ஆடுகளுக்கு மூட்டு வீங்கப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று, மனிதரையும் தாக்கும் மெலியோய்டோசிஸ்.

இந்நோயின் வரலாறே ஓர் ஒப்பீட்டில்தான் தொடங்குகிறது. 1911இல் ரங்கூனில் ஆல்பிரட் விட்மோர் என்ற மருத்துவர், இறந்தவர்களின் உடலைப் பரிசோதித்தபோது ஒரு புதிய கிருமியைக் கண்டார். அவருடன் பணியாற்றியவர் சி.எஸ்.கிருஷ்ணசாமி. குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் நோயின் கிருமியைப் போலவே அது இருந்தது. ஆனால், குதிரைக் கிருமி நகராது, இது நகர்ந்தது. 1913இல் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில், சோதனைக்கு வளர்த்த விலங்குகளிடையே இதே கிருமி பரவியது. அங்குப் பணியாற்றிய ஸ்டேண்டன், பிளெட்சர் இருவரும் 1921இல் மெலியோய்டோசிஸ் என்று பெயர் சூட்டினர். உலகம் முழுவதும் வழங்கும் அந்தப் பெயர், நம் நாட்டில் பணியாற்றியவர்கள் வைத்த பெயர்.

இரண்டு கிருமிகளும் என்ன உறவு? 2004இல் இரண்டின் மரபணுத் தொகுதிகளும் முழுமையாகப் படிக்கப்பட்டபோது விடை கிடைத்தது. மண்ணில் வாழும் மெலியோய்டோசிஸ் கிருமிக்குச் சுமார் 72 லட்சம் மரபு எழுத்துகள். குதிரைக் கிருமிக்குச் சுமார் 58 லட்சம்தான். குதிரைக் கிருமி, மண் கிருமியின் வழியில் வந்த பிள்ளை. குதிரை உடலுக்குள்ளேயே குடியேறிவிட்டதால், வெளியே பிழைக்கத் தேவையான மரபணுக்கள் பலவற்றை இழந்துவிட்டது. தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீட்டுக்குப் போனவர் மண்வெட்டியையும் காண்டாக் கம்பையும் விட்டுவிட்டுப் போவதில்லையா, அதுபோல!

மண் கிருமியோ எதையும் விடவில்லை. சேற்றிலும் நீரிலும் ஆண்டுக்கணக்கில் வாழும். வழி கிடைத்தால் ஆட்டின் உடலிலும் நம் உடலிலும் புகும். பாட்டியின் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. ஆட்டிடமிருந்து மனிதருக்கு இந்நோய் தொற்றுவது அரிது. பெரும்பாலும் இருவருக்கும் அது மண்ணிலிருந்தும் நீரிலிருந்துமே வருகிறது. நோயாளி, ஆடு, மண் மூன்றிலும் கிடைக்கும் கிருமிகளின் மரபணுக்களை ஒப்பிட்டால், எது எங்கிருந்து வந்தது என்று ஆய்வாளர்களால் தேட முடிகிறது. நோயுற்ற ஆடு நமக்கு ஓர் எச்சரிக்கை மணி. அதைப் பரிசோதிக்கக் கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள்.

2010இல் பகாங் லுபுக் யூவில், நீரில் மூழ்கியவரைத் தேடப் போன மீட்புக் குழுவினரை இந்நோய் தாக்கியது, உயிர்கள் பறிபோயின. ஆகவே இதை ஆட்டுக்காரர் நோய் என்று ஒதுக்கிவிட முடியாது.

இனிப்புநீர் உள்ளவர்களுக்கே இதில் அதிக ஆபத்து. நம் இந்தியர் குடும்பங்களில் இனிப்புநீர் இல்லாத வீடு எத்தனை? அதனால்தான் சொல்கிறேன்: காலில் புண் இருந்தால் மூடிக் கட்டுங்கள். சேற்றில் இறங்கும்போது பூட்ஸ் அணியுங்கள். ஆட்டுப் பாலைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள். விடாத காய்ச்சலும் இருமலும் வந்தால் கிளினிக்கில், "எனக்கு இனிப்புநீர், ஆடு வளர்க்கிறேன், சேற்றில் வேலை செய்தேன்" என்று மூன்றையும் சொல்லுங்கள். இந்நோய் காசநோய் போலவே தோற்றம் காட்டும். பெரும்பாலும் இரத்தம், சளி, சீழ் ஆகியவற்றில் கிருமியை வளர்த்துப் பார்த்தே உறுதி செய்வார்கள். குறைந்தது 10 முதல் 14 நாள் ஊசி மருந்து. அதன்பின் மூன்று மாதங்களுக்குக் குறையாமல் மாத்திரை. காய்ச்சல் விட்டதே என்று பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பி வரும்.

அடுத்த முறை ஈஜோக் போகும்போது பாட்டிக்கு இந்தப் பதிலைச் சொல்வேன். கையோடு ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸும் வாங்கிப் போவேன். உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டி சேற்றில் நின்றால், நீங்களும் அப்படியே செய்யுங்கள்.