வேலியாய் நிற்கும் ஒலிவ மரம்

ஒலிவ மரத்தை விவிலியத்தின் வாயிலாக மட்டும் அறிந்தவர்க்கு, அது அடி பருத்துக் கிளை பரப்பி, தலைமுறை பல கண்டு நிற்கும் விருட்சமாகும். ஸ்பெயின் தேசத்தின் வடகிழக்கே, கத்தலோனியாவில் 1990களில் தோன்றிய தோட்டங்களைக் கண்டால், அவர் அவற்றை ஒலிவந் தோப்பு என்று நம்பமாட்டார். பழைய முறையில் ஒரு ஹெக்டேயருக்கு ஏறக்குறைய 100 மரங்கள். இங்கோ 1,500க்கும் மேல்! ஆள் உயரத்துக்குச் சற்றே மேலாக, இடைவெளியற்ற வேலிகளாய் அவை நிற்கின்றன.

பழம் பறிக்கும் கூலியே இம்மாற்றத்துக்கு முதற் காரணம். திராட்சை அறுவடைக்கென அமைந்த இயந்திரம் வரிசையின் மேலே கவிந்து சென்று, மரத்தை இருபுறமும் அதிர்த்து, உதிரும் காய்களை ஏந்திக்கொள்கிறது. அவ்வியந்திரத்தின் வயிற்றுக்குள் மரம் அடங்கவேண்டும். அடங்காவிடின் இட்ட முதல் யாவும் வீண். மேலும், ஓங்கி வளரும் மரங்கள் ஒன்றையொன்று மறைத்தால், வெயில் படாத கீழ்க்கிளைகள் காய்ப்பதில்லை. ஆகவே, நல்லெண்ணெய் தருவது எது என்பதற்கு முன்னரே, அடங்கி வளர்வது எது என்று கமக்காரர் கேட்கவேண்டியவராயினர்.

ஹயேன் மாகாணத்தின் பெருமையாகிய பிக்குவால் பின்தங்கியது இக்கேள்வியினாலேதான். அதன் எண்ணெய் நெடுநாள் கெடாது. மரமோ வீறுகொண்டு வளர்வது. முன்னுக்கு வந்தது கத்தலோனியாவின் அர்பெக்கினா. சிறிய மரம், விரைவிற் காய்ப்பது, குளிரையும் ஓரளவு தாங்கும். ஆயினும், அதன் எண்ணெய் மென்மையானது, நீண்டநாள் இருப்புக்கு ஏற்றதன்று; வெப்பம் மிகுந்த நிலங்களில் அதன் ஒலேயிக் அமிலமும் குறைகிறது. அர்போசானா அதனினும் குறுகியது. சில வாரங்கள் பிந்திப் பழுப்பதால், ஒரே இயந்திரத்தை இரண்டுக்கும் பயன்படுத்தலாம். கிரேக்கத்தின் கொரொனேகி காரமும் உறுதியும் உள்ள எண்ணெயைத் தரும். ஆனால் உறைபனிக்கு அஞ்சும், அடிக்கடி கவ்வாத்தும் கேட்கும். பிக்குவாலையும் அர்பெக்கினாவையும் இணைத்துக் கோர்தோபாவில் உருவாக்கிய சிக்கித்தித்தா, இரண்டின் நலனையும் ஒரே மரத்திற் காண முயன்றதன் பயன்.

ஸ்பெயினில் மட்டும் இருநூறுக்கு மேற்பட்ட இனங்கள் இருக்க, கலிபோர்னியா முதல் போர்த்துக்கல் வரை இம்மூன்றையே நடுவது சற்றுக் கலக்கந் தருவதே. இனங்கள் ஒன்றிரண்டையே நம்பியிருப்பதன் ஆபத்து எத்தகையது என்பதை இத்தாலியின் தென்பகுதியான அபுலியா அறியும். 2013இல் அங்கே கண்டறியப்பட்ட சைலெல்லா என்னும் பக்டீரியா இலட்சக்கணக்கான மரங்களைக் காயவைத்தது. ஒலியரோலா, செல்லினா என்னும் உள்ளூர் இனங்கள் அதற்கு எளிதில் இரையாயின. மீண்டும் நடுவதற்கு முதலில் அனுமதி பெற்றவை இரண்டே: லெச்சினோவும் எப்.எஸ்.17உம். பின்னையது குறுகிய மரமாதலால், பாட்டனார் நட்ட மரங்களை வேரொடு அகழ்ந்த சில கமக்காரர், அதே மண்ணில் அதனை வேலியாக நட்டிருக்கின்றனர்.