ஆபரேஷனுக்குப் பிறகு யார் பார்த்துக்கொள்வார்?

பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்க, அங்கே போய்த் தங்கிவிட்டு வரும் பெற்றோர் பலரும் ஒரு குறை சொல்வார்கள். "முழங்கால் வலிக்கு எலும்பு டாக்டரிடம் போனோம். டாக்டர் வரவே இல்லை, ஒரு நர்ஸ் வந்து பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்." அப்படி வந்தவர் பெரும்பாலும் நர்ஸ் பிராக்டிஷனராக இருந்திருப்பார். அவரைப் பார்த்ததில் குறைப்பட ஒன்றுமில்லை. சொல்லப்போனால், எலும்பு மூட்டு சிகிச்சையில் நல்ல நர்ஸ் பிராக்டிஷனர் ஒருவரைத் தேடிப் பிடிக்கவேண்டும் என்பேன்.

யார் இவர்? நர்சிங் படித்து, அதற்குமேல் முதுநிலைப் பட்டமோ முனைவர் பட்டமோ பெற்று, நாடு தழுவிய தேர்வு எழுதி, மாநில உரிமம் வாங்கியவர். 1965-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற நர்சும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து இந்தப் பயிற்சியைத் தொடங்கினார்கள். மருத்துவர் எளிதில் கிடைக்காத இடங்களில் குழந்தைகளைக் கவனிக்க ஆள் வேண்டும் என்பதே அன்றைய நோக்கம். ஃபோர்டு அம்மையார் 2025-இல், 104 வயதில் காலமானார். அதற்குள் அவர் விதைத்தது இதயம், புற்றுநோய், எலும்பு என்று எல்லாத் துறைகளுக்கும் பரவிவிட்டது.

எலும்புப் பிரிவில் இவர் உங்கள் காலை மடக்கி நீட்டிப் பார்ப்பார். எக்ஸ்ரே எழுதிக்கொடுத்து, படத்தைப் பார்த்து விளக்குவார். மருந்து எழுதுவார், மூட்டில் ஊசி போடுவார், மாவுக்கட்டைக் கவனிப்பார். அறுவை சிகிச்சையைச் செய்பவர் சர்ஜன்தான். ஆனால் முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். தேறி எழுந்து நடமாட மாதங்கள் ஆகும். அந்த மாதங்களில் தையலைப் பார்ப்பதும், வலி மாத்திரையை மெல்லக் குறைப்பதும், பிசியோதெரபி எப்படிப் போகிறது என்று கேட்பதும் பல இடங்களில் இவர்தான்.

நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இது இன்னும் முக்கியம். இடுப்பு மூட்டு மாற்றியவர்கள் பலருக்கு, ஆபரேஷன் செய்த முறையைப் பொறுத்து, ஆரம்ப வாரங்களில் சம்மணமிடக் கூடாது, தாழ்வான இருக்கையில் உட்காரக் கூடாது என்று கட்டுப்பாடு சொல்வார்கள். தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர், பூஜை செய்கிறவர், தொழுகிறவர் என்ன செய்வது? வாய்விட்டுச் சொன்னால்தானே நர்ஸ் பிராக்டிஷனருக்குத் தெரியும்! அதேபோல, ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுபோன சூரணம், லேகியம். ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுப்பார்கள். அதோடு சில மூலிகைகள் ஒத்துப்போவதில்லை. "இதெல்லாம் அவரிடம் எதற்கு" என்று மறைக்காதீர்கள். இவற்றையெல்லாம் பொறுமையாகக் காதுகொடுத்துக் கேட்கிறவர் எவரோ, அவரே நீங்கள் தேடும் ஆள்.

எப்படித் தேடுவது? காப்பீட்டு நிறுவனத்தின் பட்டியலில் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். சுற்றுலா விசாவில் போகும் பெற்றோருக்கு எடுக்கும் காப்பீடு, பழைய மூட்டுத் தேய்மானத்துக்குப் பெரும்பாலும் பணம் தராது. அதைப் புறப்படும் முன்பே கேட்டுக்கொள்ளவேண்டும். அடுத்து உரிமம். ஒவ்வொரு மாநிலத்திலும் நர்சிங் வாரியம் இருக்கிறது. பெயரைக் கொடுத்தால் உரிமம் நடப்பில் உள்ளதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்று இணையத்தில் கட்டணமில்லாமலே பார்க்கலாம். எலும்பு நர்சிங்குக்கென்றே தனிச் சான்றிதழ் வாரியமும் உண்டு. அதில் தேறிய நர்ஸ் பிராக்டிஷனர்கள் பெயருக்குப் பின்னால் ஓ.என்.பி.-சி என்று போட்டுக்கொள்வார்கள். அது இல்லாமலும் திறமைசாலிகள் இருக்கிறார்கள். அதனால் எலும்புப் பிரிவில் எத்தனை ஆண்டு அனுபவம் என்பதை நேரடியாகவே கேளுங்கள். அங்கே அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சியாட்டில் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்தில் இவர்கள் தனித்தே சிகிச்சை தரலாம், மருந்து எழுதலாம். டாலஸ், ஹூஸ்டன் இருக்கும் டெக்சாஸில் மருந்து எழுத, மருத்துவர் ஒருவரோடு எழுத்து மூலமான ஒப்பந்தம் வேண்டும். ஆகவே "உங்களோடு சேர்ந்து பார்க்கும் சர்ஜன் யார், சிக்கல் வந்தால் அவர் எவ்வளவு சீக்கிரம் வருவார்?" என்று கேட்டுவிடுங்கள்.

மொழியை நினைத்துத் தயங்கவேண்டாம். அரசு நிதி பெறும் மருத்துவமனைகள் மொழிபெயர்ப்பாளரை இலவசமாக ஏற்பாடு செய்தாகவேண்டும். தமிழ் என்று சொன்னால் தொலைபேசியிலோ வீடியோவிலோ ஒருவரை இணைப்பார்கள். முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிடுவது நல்லது. மகனே மொழிபெயர்த்தால் போதாதா என்றால், மகனை வைத்துக்கொண்டு அம்மா சொல்லக் கூச்சப்படும் விஷயங்கள் உண்டு. ஆபரேஷனுக்குப் பிறகு வரும் மலச்சிக்கல் ஒன்று போதும், உதாரணத்துக்கு.

கடைசியாக ஒரு கேள்வி. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிதாகப் படுகிறது. "வெள்ளிக்கிழமை இரவு காயத்தில் நீர் கசிந்தால் நான் யாரைக் கூப்பிடுவது?" இதற்கு ஒரு தொலைபேசி எண்ணும், எடுத்துப் பேசப்போகிறவர் யார் என்ற தெளிவான பதிலும் கிடைக்கவேண்டும். கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தால் அன்றைக்கே அந்த எண்ணைக் கூப்பிடுங்கள். மூச்சுத் திணறினாலோ நெஞ்சு வலித்தாலோ அந்த எண்ணையும் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், உடனே அவசர உதவி எண் 911-ஐக் கூப்பிடுங்கள்.