குள்ளம் தலைவிதியா?
(தரமணிச் சொற்பொழிவு)

பிள்ளை வளராவிட்டால் "பூர்வ ஜென்ம கர்மம்" என்கிறோம். மந்திரித்த கயிறு கட்டுகிறோம். கயிற்றால் ஓர் அங்குலமாவது வளர்ந்த பிள்ளை உண்டா?

மூளையின் அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்னும் சுரப்பி இருக்கிறது. அதன் வளர்ச்சி ஹார்மோன் குறைந்தால் பிள்ளை குள்ளமாகும்; குழந்தைப் பருவத்தில் இரத்தச் சர்க்கரையும் இறங்கலாம். மிஞ்சினாலோ, அது இன்சுலினை எதிர்த்து நீரிழிவையே கொண்டுவரக் கூடும். இத்தகைய சுரப்பிகளை ஆராய இதே தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தார் ஒரு துறையே வைத்திருக்கிறார்கள்.

பிரேதங்களின் சுரப்பியிலிருந்து எடுத்த மருந்து பலனளித்ததென்று 1958இல் வெளியாயிற்று. அதனால் சிலருக்குக் கொடிய மூளைநோய் வந்ததென்று 1985இல் தெரிந்ததும், அமெரிக்காவில் அதை நிறுத்தி, ஆய்வுக்கூடத்தில் செய்த மருந்துக்கு மாறினார்கள். தவறு கண்டால் திருத்துவதன்றோ அறிவு?

ஆனால் ஊசியையும் கண்மூடி நம்பச் சொல்லவில்லை. அதனால் சர்க்கரை ஏறலாம். மறைந்திருந்த தைராய்டுக் குறைவும் வெளிப்படலாம். இரண்டையும் அவ்வப்போது பரீட்சித்துவர வேண்டும்.

குள்ளமெல்லாம் நோயுமல்ல, குள்ளமாயிருப்பது இழிவுமல்ல. ஆனால் எலும்பின் வளர்நுனி மூடிவிட்டால் எந்த மருந்தும் உயரம் தராது. ஆகையால், வேண்டுதலில் வருஷங்களைக் கழிக்காமல், பிள்ளையின் உயரத்தை வருஷந்தோறும் அளந்து எழுதுங்கள். வளர்ச்சி நின்றால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள் என்பதே நமது வேண்டுகோள்.